சிறியவற்றுக்கு நன்றியறிதல்: நாள்தோறும் பழகுவதற்கான முழுமையான வழிகாட்டி

இன்று கண் விழித்தது முதல் இந்த வரியைப் படிக்கும் நேரம் வரை உங்களுக்கு வாய்த்த நல்லவை எவை என்று யாராவது கேட்டால், இரண்டு மூன்றுக்கு மேல் நினைவுக்கு வருவது அரிது. எது சரியில்லாமல் போனது என்று கேட்டால் பதில் உடனே வரும்: தாமதமாக வந்த பேருந்து, எரிச்சலூட்டிய ஒரு குறுஞ்செய்தி, தேடியும் கிடைக்காத ஒரு தாள். இதை யாருடைய குணக்கேடாகவும் கொள்ளத் தேவையில்லை. தீயவை நல்லவற்றைவிட மனத்தில் ஆழமாகப் பதிகின்றன என்பதை உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 2001இல் வெளியிட்ட விரிவான ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. அதோடு, எந்த நன்மையும் தினமும் கிடைக்கத் தொடங்கிவிட்டால் மனம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடுகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது யாருக்கும் செய்தி இல்லை. வராத நாள்தான் வீடு முழுவதும் அதைப் பற்றிப் பேசுகிறது.

இந்த இரண்டு இயல்புகளுக்கும் எதிராகச் சற்று முயன்று செய்ய வேண்டிய வேலைதான் நன்றியறிதல். தமிழில் இந்தச் சொல்லே வழி சொல்கிறது. 'நன்றி' என்பதற்கு நன்மை என்றும், ஒருவர் செய்த உதவி என்றும் பொருள் உண்டு. 'நன்றி மறத்தல்', 'நன்றி கொல்லுதல்' ஆகிய வழக்குகள் அந்தப் பொருளில் பிறந்தவை. அப்படியானால் நன்றி ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. நம் பங்காக மிஞ்சியிருப்பது அதை அறிவது மட்டுமே. நெஞ்சு நெகிழ வேண்டும், கண் கலங்க வேண்டும் என்று எதிர்பார்த்துத் தொடங்குபவர்கள் அந்த நெகிழ்ச்சி வராத நாளில் சோர்ந்துவிடுகிறார்கள். என்ன நடந்தது, யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று அறிய முயல்பவர்களுக்கு அந்தச் சோர்வு குறைவு. உணர்வு பின்னால் வரலாம், சில நாட்களில் வராமலும் போகலாம். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தை ஆதாரமாகக் கொண்டவை.

தொடங்குமுன்: எதை எதிர்பார்க்கலாம்

இந்தப் பழக்கத்தின் பயனைச் சோதித்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்டது. அதன் ஒரு பகுதியில் கல்லூரி மாணவர்களுள் ஒரு குழுவினர் வாரந்தோறும் தாங்கள் நன்றியோடு நினைக்கும் ஐந்து விஷயங்கள் வரை எழுதினர். வேறொரு குழுவினர் தொல்லைகளை எழுதினர். மூன்றாம் குழுவினர் பொதுவான நிகழ்வுகளை எழுதினர். முதல் குழுவினர் தங்கள் வாழ்வைக் குறித்து மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்ததாகத் தெரிவித்தனர். அதே ஆய்வின் மற்றொரு பகுதியில் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் 21 நாட்கள் இப்படி எழுதியபோது, கூடுதல் நேரம் தூங்கியதாகவும் விழிக்கும்போது புத்துணர்ச்சியோடு இருந்ததாகவும் கூறினர்.

இதைப் படித்துவிட்டு இது எல்லாவற்றுக்கும் மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மனச்சோர்வும் பதற்றமும் குறைவதில் இந்தப் பயிற்சிகளுக்கு இருக்கும் விளைவு சிறியதே என்று காட்டியது. மனச்சோர்வு நோயில் உழல்பவருக்கு மருத்துவ உதவிதான் முதல் தேவை. அவர் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து 'நல்லதை நினைத்துக்கொள்' என்று சொல்வது அவரை மேலும் தனிமைப்படுத்தும். நலமாக இருப்பவர்களும் இதை நாளின் மேல் வைக்கும் கூடுதல் வெளிச்சமாக மட்டும் கருதுவது நல்லது.

முதல் படி: நேரத்தையும் இடத்தையும் முடிவுசெய்தல்

'இனிமேல் தினமும் செய்வேன்' என்ற உறுதிமொழி பொதுவாக நான்கு நாட்கள் தாங்கும். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு இதைச் சேர்த்துக் கட்டுங்கள். 'இரவு பல் துலக்கிவிட்டு வந்து படுக்கையில் உட்கார்ந்தவுடன் குறிப்பேட்டை எடுப்பேன்' என்பது போல எந்த வேலைக்குப் பின், எந்த இடத்தில் என்று குறிப்பாகச் சொல்லிக்கொள்வது, வெறும் எண்ணத்தைவிட அதிகமாகச் செயலில் முடிகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன.

தாளா, கைப்பேசியா என்ற கேள்வி அடிக்கடி எழும். நான் தாளையே பரிந்துரைப்பேன். கைப்பேசியைத் திறக்கும் கணத்தில் மற்றவர்களின் செய்திகள் முந்திக்கொண்டு நிற்கும். நாம் எழுத வந்தது ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும். விலை உயர்ந்த அழகான குறிப்பேடும் வேண்டாம், ஏனெனில் அதில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்ற தயக்கம் கையைப் பிடித்து நிறுத்தும். பாதி எழுதி மீந்த ஒரு பழைய நோட்டும், தலைமாட்டிலேயே கிடக்கும் ஒரு பேனாவும் போதும்.

ஒரு புதிய செயல் தன்னியல்பாக வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வில் அதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனவே ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் அந்தத் தேதியிலிருந்து தொடருங்கள்; விட்ட நாளுக்கும் சேர்த்து எழுதி ஈடுகட்ட முயல வேண்டாம்.

இரண்டாம் படி: பகலில் கவனித்தல்

இரவில் எழுத உட்காரும்போது மனம் வெறுமையாக இருந்தால், பகலில் எதையும் கவனிக்கவில்லை என்று பொருள். ஆகவே பகலில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'இப்போது எது ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது?' பதிலைப் பெரிய விஷயங்களில் தேடாமல் புலன்களிடம் விட்டுவிடுவது எளிது. நெடுநேரம் நின்றபின் உட்காரக் கிடைத்த நாற்காலி, குளித்தபின் தோலில் படும் காற்று, எழுதும்போது தடையில்லாமல் ஓடும் மை, வலிக்காத பல் ஆகியவை எல்லாம் பதில்கள்தான். நேற்று வரை வலித்த பல் இன்று வலிக்காமல் இருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கிடைத்ததை ஒரு சொல்லாகக் குறித்துவைத்தால் இரவில் உதவும். அதற்கு மேல் இந்தப் படியில் செய்ய எதுவும் இல்லை.

மூன்றாம் படி: எழுதுதல்

இந்த வழிகாட்டியில் அதிகக் கவனம் வேண்டுவது இந்தப் படிதான். மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் அன்று நன்றாக நடந்த மூன்றை எழுதினர். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதினர். அவர்களுடைய மகிழ்ச்சி கூடியதும் சோர்வின் அறிகுறிகள் குறைந்ததும் ஆறு மாதங்கள் வரை நீடித்தன; அந்த ஒரு வாரத்துக்குப் பிறகும் தாமாகவே எழுதுவதைத் தொடர்ந்தவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. இதைப் பற்றிப் பேசும்போது பலரும் 'மூன்று' என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, 'ஏன்' என்ற பாதியை விட்டுவிடுகிறார்கள். உயிர் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

நான் தொடங்கிய புதிதில் என் குறிப்பேட்டில் 'குடும்பம், உடல்நலம், வேலை' என்று எழுதினேன். மறுநாளும் அதே மூன்று. ஐந்தாம் நாள் எழுதும்போது கை மட்டுமே எழுதியது, மனம் அதில் இல்லை. பொய் எதையும் எழுதவில்லை என்றாலும், அந்தச் சொற்களுக்குள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலையில் அவசரமாகச் சட்டை அணியும்போது, பல நாட்களாக ஆடிக்கொண்டிருந்த மேலிருந்து இரண்டாவது பொத்தான் உறுதியாக நிற்பதைக் கவனித்தேன். மற்றப் பொத்தான்களின் நூல் வெள்ளை. இதன் நூல் சற்றே மஞ்சள் கலந்தது. அம்மா தைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெள்ளை நூல் தீர்ந்திருக்க வேண்டும். இருந்ததில் நெருங்கிய நிறத்தைத் தேடி எடுத்திருக்கிறார். ஊசியில் நூல் கோக்க அவருக்கு இப்போது கண்ணாடி வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும். அன்றிரவு இதையெல்லாம் எழுதினேன். 'குடும்பம்' என்ற ஒற்றைச் சொல்லை ஐந்து நாட்கள் எழுதியும் கிடைக்காத ஒன்று அந்த மஞ்சள் நூலில் கிடைத்தது.

ஆகவே எழுதும்போது நாளுக்கு மூன்று போதும். மூன்றும் சிறியவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விவரமாவது இருக்கட்டும். அதன்பின் 'இது ஏன் நடந்தது?' என்று கேட்டு ஒரு வாக்கியம் சேருங்கள். யாராவது மெனக்கெட்டார்களா, நீங்களே முன்பு செய்துவைத்த ஒரு ஏற்பாடு இன்று கைகொடுத்ததா, அல்லது தற்செயலா? தற்செயல் என்பதும் நேர்மையான பதில்தான். ஒரு நாள் மூன்று கிடைக்காவிட்டால் ஒன்றை விரிவாக எழுதுங்கள். எண்ணிக்கையை நிரப்புவதற்காகக் கற்பனையில் சேர்க்கும் நன்றி, மறுநாள் எழுதும் ஆவலைக் கெடுத்துவிடும்.

நான்காம் படி: பின்னால் இருப்பவர்களைத் தேடுதல்

பொத்தானுக்குப் பின்னால் இருந்தவர் தெரிந்தவர். பல நன்மைகளுக்குப் பின்னால் இருப்பவர்களை நாம் பார்த்ததே இல்லை. வாரத்தில் ஒரு நாள், எழுதிய மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் முடிந்தவரை நடந்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு விளக்கு எரிகிறது என்றால், அதே நேரத்தில் மின்நிலையத்தில் ஒருவர் விழித்திருக்கிறார். காற்றிலும் மழையிலும் கம்பி அறுந்தால் ஏறிச் சரிசெய்ய ஒருவர் அழைப்பை எதிர்பார்த்திருக்கிறார். அந்தக் கம்பியை என்றோ ஒரு வெயில் நாளில் சிலர் இழுத்துக் கட்டினார்கள். இவர்கள் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார்கள் என்ற மறுப்பு எழலாம். சம்பளம் பெறுவதால் அந்த உழைப்பு நமக்குப் பயன்படாமல் போய்விடவில்லை. உயரத்தில் ஏறுபவரின் கால் நடுக்கத்தைச் சம்பளம் குறைப்பதும் இல்லை.

இந்தப் படியின் பலன் குறிப்பேட்டில் தெரிவதைவிட நடத்தையில் தெரியும். வாசலில் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறவரின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பீர்கள்.

ஐந்தாம் படி: இல்லையென்று நினைத்துப் பார்த்தல்

பழகிப்போனதை மறுபடியும் பார்க்க ஒரு வழி, அது நடக்காமலே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணுவது. மின்க்யுங் கூவும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் துணையை முதன்முதலில் எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, எப்படிச் சந்திக்காமலே போயிருக்கக்கூடும் என்று எழுதியவர்கள் தங்கள் உறவில் அதிக நிறைவைத் தெரிவித்தனர்.

செய்யும் முறை இது: ஒரு நல்ல நட்பையோ வேலையையோ எடுத்துக்கொண்டு, அது அமைவதற்கு முன் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த தற்செயல்களை எழுதுங்கள். அன்று அந்த வகுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால், வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தால், அவர் பேனா கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தால் என்று ஒவ்வொன்றையும் விலக்கிப் பாருங்கள். இதை மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். இழப்பை நினைத்து அஞ்சும் இயல்பு உள்ளவர்களுக்கு இது கவலையைத் தூண்டிவிடக்கூடும்; அவர்கள் இந்தப் படியை முழுவதுமாக விட்டுவிடலாம்.

ஆறாம் படி: உரியவரிடம் சொல்லுதல்

அறிந்ததை அறிந்தபடியே குறிப்பேட்டில் வைத்திருந்தால் பாதி வேலை மிஞ்சிவிடும். ஆனால் சொல்லப் போகும்போது நாக்கு தயங்குகிறது. நெருங்கியவர்களிடம் 'நன்றி' என்று சொன்னால் அது அந்நியமாக ஒலிக்கிறது. 'என்னிடம் போய் நன்றி எல்லாம் சொல்கிறாயே' என்று அவர்களே கடிந்துகொள்வதும் உண்டு. அந்தக் கடிதலில் நியாயம் இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் எடுத்து நீட்டினால் கணக்கை முடித்துக்கொள்வது போலத் தோன்றும். எனவே நெருங்கியவர்களிடம் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அறிந்ததைச் சொல்லுங்கள். 'அம்மா, அந்தச் சட்டைப் பொத்தானை நீங்கள்தானே தைத்தீர்கள்? நேற்று முழுவதும் அதைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்பதில் எல்லாமே வந்துவிடுகிறது. அவர் செய்தது என்ன, அது என் கண்ணில் பட்டது, அதனால் எனக்கு என்ன ஆயிற்று என்ற மூன்றும் இருந்தால் போதும். என் அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, 'நூல் சரியாகப் பொருந்தவில்லை, பிரித்துத் தருகிறேன்' என்றார். வேண்டாம் என்று சொல்லி அந்த நூலைக் காப்பாற்றிக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் உதவிய ஓர் ஆசிரியருக்கோ முன்னாள் சக ஊழியருக்கோ கடிதமாக எழுதலாம். இத்தகைய கடிதம் செயற்கையாகத் தோன்றுமோ, அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்ற அச்சம் இயல்பானது. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். எழுதியவர்கள் அஞ்சிய அளவுக்கு அவர்களுக்குச் சங்கடம் இருக்கவில்லை. சொல்நயத்தைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதாமல் இருந்துவிடுகிறோம். பெறுபவரோ அதில் இருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார். ஒரு பக்கம் போதும். அவர் மறந்திருக்கக்கூடிய ஒரு குறிப்பிட்ட நாளை எழுதுங்கள், அதனால் பிறகு உங்கள் வாழ்வில் என்ன மாறியது என்று எழுதுங்கள், பதிலாக எதையும் கேட்காதீர்கள்.

கடினமான நாட்களில்

துக்கம் நடந்த வீட்டிலும், வேலை போன வாரத்திலும், நோய் கண்டறியப்பட்ட மாலையிலும் இந்தப் பழக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டாம். அன்றைய பக்கத்தில் 'இன்று எழுத முடியவில்லை' என்று எழுதுவது போதும், அதையும் எழுதாமல் விடலாம். வலியை மறைக்க நன்றியைப் பயன்படுத்தினால் வலியும் ஆறாது, நன்றியும் பொய்யாகிவிடும். ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதலாம். 'இன்று மிகவும் தனியாக இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் கேட்காமல் சன்னலைச் சாத்தினார்' என்ற வாக்கியத்தில் முதல் பாதியை இரண்டாம் பாதி அழித்துவிடுவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 'நம்மைவிடத் துன்பப்படுபவர்கள் எத்தனை பேர்' என்ற ஒப்பீட்டைத் தவிருங்கள். பிறர் துயரத்தை அளவுகோலாக்கிப் பெறும் ஆறுதலில் நன்மையை அறிதல் எங்கும் இல்லை. மேலும், உங்களைத் துன்புறுத்துபவருக்கு, அவர் எப்போதோ செய்த உதவியைக் காரணம் காட்டி, நன்றிக்கடன் பட்டிருப்பதாக எண்ணிப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 'இவ்வளவு செய்தேனே, நன்றி இல்லையா' என்று கேட்டு ஒருவரை அடக்குவது, செய்த நன்மையைச் செய்தவரே கொல்வதற்குச் சமம். அந்த நிலையில் இருப்பவருக்கு வேண்டியது விலகும் வழியும் துணை நிற்கும் ஆட்களும்தான்.

சலிப்பு வரும்போது

மூன்றாவது நான்காவது வாரத்தில் அநேகமாகச் சலிப்பு வரும். எழுதுவதே பழகிப்போய், நன்மைகள் மறைந்த அதே வழியில் நன்றியும் மறைந்துவிடும். சோனியா லுபோமிர்ஸ்கியும் சகாக்களும் செய்த ஆறு வார ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை என்பது இதனோடு பொருந்துகிறது. நாள்தோறும் எழுதியவர்களும் பயன் பெற்றதை மற்ற ஆய்வுகள் காட்டுவதால், எல்லோருக்கும் ஒரே கால அளவை விதிக்க முடியாது. என் அனுபவத்தில் பொருந்திவரும் வழி இது: முதல் இரண்டு வாரங்கள் ஒவ்வோர் இரவும் எழுதுங்கள், அதற்குள் கண் பழகிவிடும். பிறகு கவனிப்பது நாள்தோறும் நடக்கட்டும். ஒரு சொல் குறிப்பு போதும். விரிவாக எழுதுவதை வாரத்தில் ஓர் இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்போதும் வறண்டால், கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். ஒரு வாரம் காதில் விழுந்தவற்றை மட்டும் எழுதலாம், மறுவாரம் கைகளால் தொட்டவற்றை மட்டும், அதற்கடுத்த வாரம் உங்கள் உடலின் உறுப்புகள் செய்த வேலையை மட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் 'இன்று உனக்கு யார் உதவினார்கள், நீ யாருக்கு உதவினாய்?' என்று கேளுங்கள். 'நன்றி சொல்' என்று ஏவினால் சொல் வரும். இந்தக் கேள்விக்குக் கதை வரும்.

மாதக் கடைசியில் ஓர் அரை மணி நேரம் ஒதுக்கி, எழுதியதைத் திரும்பப் படியுங்கள். படிக்கும்போது பெயர்கள் வரும் இடங்களில் மட்டும் அடிக்கோடிடுங்கள். அடிக்கடி வரும் பெயர்கள் எவை, அவர்களில் யாரிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை என்பது தெளிவாகத் தெரியும். என் முதல் மாதப் பக்கங்களில் அம்மாவின் பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தவர், தினமும் காலையில் அலுவலகக் கதவை எனக்கு முன்பே வந்து திறந்துவைத்து, மேசைகளைத் துடைத்துவிட்டுப் போகும் ஒருவர். ஏழு இடங்களில் அவரை 'துடைப்பவர்' என்றே எழுதியிருந்தேன். மறுநாள் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய் அவர் பெயரைக் கேட்டேன். எட்டாவது குறிப்பில் அது இருக்கிறது.